செவ்வாய்க்கிழமை சிவந்த பெட்டி

பயப்படாதே கண்ணு, எனக்குக் குளிர் ஜுரமெல்லாம் ஒண்ணும் இல்லை. வலங்கைமான்ல ஏறி என் பக்கத்துல உட்கார்ந்ததுலேருந்து என் முகத்தையும் இந்தக் கோட்டுச் சட்டையையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு வர்றே. கேட்கலாமா வேண்டாமான்னு உனக்குள்ளே ஒரு தவிப்பு. கேளேன், என்ன இப்போ? அக்கினி நட்சத்திரத்துல ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பொசுங்குது. இவ மட்டும் மார்கழி மாசம் மாதிரி கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே, புத்தி சரியில்லையோன்னுதானே நினைச்சே? கண்டக்டரும் அதைத்தான் நினைச்சாரு. டிக்கெட் குடுக்கறப்போ, "துணைக்கு யாராவது வந்திருக்காங்களாம்மா?"ன்னு கேட்டாரு பார்த்தியா.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டு போட்டுட்டான். இனிமே வண்டி நகர்றதுக்குள்ள ஒரு கல்யாணமே பேசி முடிச்சிடலாம். இந்தா, வெள்ளரிப் பிஞ்சு. தின்னு. மிளகாய்ப்பொடி மட்டும் கோட்டு மேலே படாம பார்த்துக்க.

இது எனக்கு மியூசியத்துல போட்ட கோட்டு. போர்த்தினதுன்னு சொல்லணும். பொன்னாடை போர்த்துவாங்க இல்லே, அந்த மாதிரி. மெட்ராஸ்லேருந்து வந்த ஒரு மேடம் தன் கையாலேயே போட்டுவிட்டாங்க. எதுக்குன்னு கேளு. மியூசியத்துக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கறதுன்னு நான்தான் முடிவு பண்ணினேன். பார்த்தியா, சிரிக்கிறே. சத்தியமா கண்ணு. நான் அஞ்சாவது பாஸ்கூட இல்லை. அஞ்சாவதுல உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

என் பேரு அஞ்சுகம். மியூசியத்துல அட்டெண்டர். பழைய ஜமீன் பங்களா அது, ஓடு போட்ட கட்டடம். சிலைக் கூடம் என் பொறுப்பு. பெருக்கணும், துடைக்கணும், வர்றவங்ககிட்ட "தொடாதீங்க, தொடாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். கூடத்துல பெரிய நடராஜர் ஒருத்தர் இருக்காரு. வர்றவங்க எல்லாரும் அவர்கிட்டதான் போவாங்க. மூலையில ஒரு அம்மன் நிப்பா, ஐம்பொன்னு, ஒண்ணரை முழம் உசரம். எவனோ கிணறு வெட்டறப்போ கிடைச்சவ. மண்வெட்டி பட்டு இடது கை சுண்டுவிரல் போயிடுச்சு. அவளை நான் சின்னவன்னு கூப்பிடுவேன். என் பெரிய பொண்ணு மன்னார்குடியில கட்டிக்குடுத்தவ. இவ சின்னவ.

தினம் போனதும் கண்ணாடிக் கூண்டைத் திறந்து என் முந்தானையால அவளுக்கு ஒரு துடை. அப்புறம்தான் மத்த வேலை. எங்க பெரிய அதிகாரி கோதண்டபாணி ஐயா பார்த்தா பதறுவாரு. "அஞ்சுகம், தேய்க்காதே! அந்தப் பச்சைப் படிவுதான் அதோட வயசைக் காட்டுது"ம்பாரு. நீயே சொல்லு, ஒரு பொம்பளைப் பிள்ளை முகத்துல வயசு தெரியணும்னு யாராவது ஆசைப்படுவாங்களா? நான் அவர் அந்தப் பக்கம் போனதும் இன்னும் ரெண்டு தேய் தேய்ப்பேன். ஆயுத பூஜைக்கு மட்டும் கொஞ்சூண்டு புளி. சொல்லிடாதே யார்கிட்டேயும். நடராஜர் கறுத்துப் போய் நிப்பாரு, சின்னவ கன்னம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். அதுல பார்த்து நான் பொட்டு சரி பண்ணிக்குவேன்.

இப்படிப் போயிக்கிட்டிருந்த இடத்துல மெட்ராஸ்லேருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. எல்லாச் சிலையையும் படம் பிடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அதுக்குப் பின்கட்டுல ஒரு ஸ்டூடியோ போட்டுக்கங்க. என்ன கம்ப்யூட்டர் வேணும்னு மார்ச் முடியறதுக்குள்ள முடிவு பண்ணி எழுதணும். எழுதலைன்னா ஸ்டூடியோ மெட்ராஸ்லேயே இருக்கட்டும், வண்டி அனுப்பறோம், ஐம்பொன் சிலையெல்லாம் ஏத்தி அனுப்பிடுங்க, படம் பிடிச்சிட்டுத் திருப்பி அனுப்பறோம்.

திருப்பி அனுப்பறாங்களாம்! முன்னாடி ஒரு பிள்ளையாரை இப்படித்தான், ரெண்டு மாசத்துல வந்துடுவாருன்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவர் பீடம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கு. அதுமேலேதான் நான் சாப்பாட்டுக் கூடையை வைக்கிறது. சின்னவ சுண்டுவிரல் இல்லாதவ. வண்டியில வைக்கோல்ல சுருட்டிப் போட்டு, திண்டிவனம் வழியா மெட்ராஸ் வரைக்கும் குலுங்கி, அங்கே ஒரு இருட்டு ரூம்ல எவன் முந்தானையால துடைப்பான்?

சரி, ஒரு கம்ப்யூட்டர் வாங்கறது என்ன பெரிய கம்ப சூத்திரமா? மிக்ஸி வாங்கற மாதிரி கடைக்குப் போயி, ஓட்டிக் காட்டச் சொல்லி, வாங்கிட்டு வர வேண்டியதுதானேன்னு நினைச்சேன். ஆனா எங்க மியூசியத்துல ரெண்டு பேர் இருந்தாங்களே.

ஒருத்தர் சேவியர் தம்பி. படம் பிடிக்கிறதுக்குன்னு வந்த பிள்ளை. முன்னாடி வேளாங்கண்ணி பக்கம் கல்யாண ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்துச்சு. அது வெள்ளைப் பெட்டிக் கட்சி. பெட்டின்னு சொல்றேனே தவிர அது வெறும் பலகை. தோசைக்கல்லை நிமிர்த்தி வெச்ச மாதிரி ஒல்லியா இருக்கும். "பெட்டி எங்கே தம்பி?"ன்னு கேட்டேன். "எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கும்மா"ன்னு சொல்லிச்சு. இன்னொருத்தர் புகழேந்தி சார், கம்ப்யூட்டர் ஆபீசர். அவர் கறுப்புப் பெட்டிக் கட்சி. அது நிஜமாவே பெட்டி. டி.வி. தனி, கீழே அரிசி டின் மாதிரி ஒண்ணு தனி, உள்ளே காத்தாடி கொய்ங்னு ஓடும்.

"சார், ஃபோட்டோ வேலைன்னா உலகம் பூரா வெள்ளைதான்."

"உன் உலகம் வேளாங்கண்ணியோட முடிஞ்சுடும் சேவியர். கறுப்பு ரிப்பேரானா பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடைக்காரன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோட வருவான். உன்னோடது ரிப்பேரானா நான் அதை பிளேன்ல ஏத்தணும்."

"அது ரிப்பேரே ஆகாது சார்."

"கல்யாணம் ஆகாதவன் பேசற பேச்சு இது."

தினம் இதே பேச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில தன் பெட்டியை வெச்சுக்கிட்டு முறைச்சுக்கிட்டிருப்பாங்க. தீர்த்து வைக்க வேண்டியவர் கோதண்டபாணி ஐயா. அவர் தங்கமான மனுஷன், ஆனா கையெழுத்துன்னா அவருக்கு அம்மை போட்ட மாதிரி. எதைக் கேட்டாலும் "பரிசீலிப்போம்". டீக்கடைப் பையன் வடையா போண்டாவான்னு கேட்டாக்கூட பரிசீலிப்போம்பாரு. அதுக்குள்ளே ரெண்டும் ஆறிடும்.

கடைசியில சேவியர் தம்பிதான் ஒரு வழி சொல்லிச்சு. ஒரே சிலையைப் படம் பிடிப்போம். ஒரு நாள் கேமராவை ஒயரால வெள்ளையோட கட்டுவோம், இன்னொரு நாள் கறுப்போட. எதுல கலர் சிலையில இருக்கற மாதிரியே வருதோ அதுதான் ஜெயிச்சது. ஏன், ஒரே படத்தை ரெண்டு பெட்டியிலேயும் போட்டுப் பார்த்தா என்னன்னு ஐயா கேட்டாரு. நல்ல கேள்வி. ரெண்டு பேரும் ஒரே குரல்ல, "முடியாது"ன்னாங்க. அவர் படம் இதுக்குள்ள வந்தா இதுக்கு நோய் வந்துடுமாம், இவர் படம் அதுக்குள்ள போனா அதுக்கு வந்துடுமாம். ஜாதி பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டாங்க கண்ணு.

எந்தச் சிலை? நடராஜரை நகர்த்த ஆறு ஆளு வேணும். அதனால சின்னவ. எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. என்னையும் கூட நிக்கச் சொன்னாங்க, ஏன்னா எங்க சட்டம் அப்படி. சிலை கூண்டை விட்டு வெளியே வந்தா அட்டெண்டர் கை எட்டற தூரத்துல நிக்கணும். அதோட முதல் நாளே ஒரு குடை ஸ்டாண்டு கால் உடைஞ்சு போச்சு. ஆமா, குடைதான். படம் பிடிக்கிறவங்க வீட்டுக்குள்ளேயே வெள்ளைக் குடையை விரிச்சு வெச்சு அதுல விளக்கு அடிப்பாங்க. ஸ்டாண்டு உடைஞ்சதும் சேவியர் தம்பி முழிச்சுது. "கொண்டா தம்பி, நான் பிடிக்கிறேன்"னு வாங்கிக்கிட்டேன். அம்மனுக்குக் குடை பிடிக்கிறதுன்னா சும்மாவா? கோயில்ல புறப்பாடுன்னா பரம்பரை பாத்தியதை உள்ளவங்கதான் பிடிக்கணும். அஞ்சுகத்துக்கு அது ஸ்டாண்டு உடைஞ்சதுல கிடைச்சிருக்கு! புது ஸ்டாண்டு வாங்கறேன் வாங்கறேன்னு தம்பி சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன்.

நான் எப்படி நிப்பேன் தெரியுமா? தூண் மாதிரி. மூச்சு விடறதுகூடத் தெரியாது. "குடை கொஞ்சம் இடது பக்கம்"னு தம்பி சொல்லும். குடை நகரும். "குடை கொஞ்சம் கிட்டே"ம்பாரு புகழேந்தி சார். குடை கிட்டே வரும். குடைக்குக் கீழே ஒருத்தி இருக்கான்னே ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது. அவ்வளவு ஒழுங்கா நிப்பேன்.

முதல் படம் ஒரு சனிக்கிழமை. வெள்ளைப் பெட்டி முறை. சின்னவ அச்சு அசல் அப்படியே வந்தா. அந்த ஐம்பொன் நிறம், கழுத்து மடிப்பு, எல்லாம். சேவியர் தம்பி விசிலடிச்சிடுச்சு. புகழேந்தி சார், "பார்ப்போம், பார்ப்போம்"னு போயிட்டாரு.

செவ்வாய்க்கிழமை கறுப்பு முறை. ஐயோ, என்னத்தைச் சொல்ல. சின்னவ மிளகாய்ப் பழம் மாதிரி செக்கச்செவேல்னு வந்துட்டா! கன்னமெல்லாம் ரத்தச் சிவப்பு. சேவியர் தம்பி, "உங்க பெட்டிக்கு என்ன சார் இவ்வளவு கோவம்?"னு கேட்டுச்சு. புகழேந்தி சார் என்னத்தையோ தட்டினாரு, முடுக்கினாரு, மறுநாளும் எனக்கே குடுன்னு வாங்கிக்கிட்டாரு. புதன்கிழமை எடுத்தா பச்சை! பாசி பிடிச்ச குளத்துலேருந்து எழுந்து வந்த மாதிரி. தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா? "நேத்து பழமா இருந்துது சார், இன்னிக்குக் காயாயிடுச்சு." புகழேந்தி சார் ஒரு வாரம் தம்பிகூட டீ குடிக்கலை.

அடுத்த சனிக்கிழமை என் பெட்டியிலதான் எடுக்கணும்னு புகழேந்தி சார் ஒத்தக்கால்ல நின்னாரு. எடுத்தாங்க. கறுப்புல சின்னவ தங்கம்! தம்பி முகம் விழுந்து போச்சு. செவ்வாய்க்கிழமை தம்பி வெள்ளையில எடுத்துச்சு. சிவப்பு! அன்னைக்கு புகழேந்தி சார் கடைத்தெருவுக்கு ஆளனுப்பி எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிக் குடுத்தாரு. தம்பிக்கு ரெண்டு பொட்டலம்.

அப்புறம் என்ன, ரெண்டு பேரும் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிட்டாங்க. பல்பை மாத்தினாங்க. ஒயரை மாத்தினாங்க. கேமராவோட கண்ணை மாத்தினாங்க. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாங்க. சுவத்துக்கு வெள்ளை அடிச்சாங்க, அது பத்தலைன்னு மறுபடி அடிச்சாங்க. அந்த ரூம்ல இருந்த எல்லாத்தையும் மாத்தினாங்க கண்ணு, என்னை மட்டும் மாத்தலை. என் மேலே அப்படி ஒரு நம்பிக்கை.

இதுல ஒரு விஷயம் நான் சொல்லலை பாரு. நான் கிழமைக்கு ஏத்த புடவைதான் கட்டுவேன். எங்க பக்கத்துல நவக்கிரகமும் ஆளுக்கொரு ஊரா பிரிச்சுக்கிட்டு கோயில் கட்டி உட்கார்ந்திருக்காங்க. அக்கம்பக்கத்து ஆளுங்களைப் பகைச்சுக்க முடியுமா? ஞாயிறு சூரியனுக்கு ஆரஞ்சு. திங்கள் சந்திரனுக்கு வெள்ளை. செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழன் குருவுக்கு மஞ்சள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, அதனால வீட்டுல வெள்ளை. சனி கறுப்பு. இன்னிக்கு வெள்ளிதானே, பாரு, கோட்டுக்குள்ளே வெள்ளை. யூனிபாரம் புடவைன்னு ஒண்ணு குடுத்தாங்க, ஒரே துவைப்புல சாயம் போயிடுச்சு. அப்புறம் யாரும் கேட்கவும் இல்லை. நான் என்ன கட்டியிருக்கேன்னு பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

அப்போதான் எனக்குப் பளிச்சுனு புரிஞ்சுது. சனிக்கிழமைன்னா எந்தப் பெட்டியா இருந்தாலும் நல்லா வருது, திங்கட்கிழமையும் பழுதில்லை. செவ்வாய்னா சிவப்பு. புதன்னா பச்சை. வியாழன் மஞ்சக்காமாலை. அப்படின்னா என்ன அர்த்தம்? பெட்டியைக் கிரகம் பிடிச்சு ஆட்டுது! நான் பட்டுன்னு சொல்லிட்டேன். "தம்பி, சார், இதுல வெள்ளையும் இல்லை கறுப்பும் இல்லை. கிழமைதான். சனீஸ்வரனைப் பிடிச்சுக்கங்க, அவர் ஒருத்தர்தான் குடுக்கறாரு."

புகழேந்தி சார் தலையில அடிச்சுக்கிட்டாரு. "அஞ்சுகம்மா, இது சயின்ஸு. குடையைப் பிடிங்க."

சரின்னு குடையைப் பிடிச்சேன். ஆனா கோதண்டபாணி ஐயா மட்டும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சனிக்கிழமை மட்டும்தானா அஞ்சுகம்? நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னு கேட்டாரு. அவர் பரிசீலிக்கிறவர் இல்லையா. பங்குனி பொறந்து மார்ச் முடியப் போகுது, இவங்க ரெண்டு பேரும் தீர்ற வழியாத் தெரியலை. அவர் என்ன பண்ணினாரு, மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுட்டாரு. என்னன்னு? "இந்த அருங்காட்சியகத்தில் கணினிகள் கிழமைக்கு ஏற்ப நிறம் மாறுகின்றன. தக்க அறிவுரை வழங்க வேண்டும்." அதை ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டினாரு புகழேந்தி சார், அழாத குறையா.

மெட்ராஸ்ல என்ன நினைச்சாங்களோ, உடனே ஒரு மேடத்தை அனுப்பிட்டாங்க. கூடவே வண்டியையும் அனுப்பிட்டாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஒரு வியாழக்கிழமை, போர்டிகோவுல வந்து நிக்குது வண்டி. வைக்கோல், கயிறு, சாக்கு, ரெண்டு லோடு ஆளு. டிரைவர் இறங்கின உடனே, "எதும்மா முதல்ல ஏத்தணும்?"னு என்கிட்டதான் கேட்கறான். படுபாவி. "முதல்ல நீ மோர் குடிப்பா"ன்னு உட்கார வெச்சேன். பாதி மோரை அவன் கால்லயே ஊத்திட்டேன்.

அந்த மேடம் பேரு நூர்ஜஹான். பாய் வீட்டுப் பிள்ளை, கட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு, உடம்புல ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. உள்ளே வந்ததும் ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் ஆரம்பிச்சுட்டாங்க. "மேடம், வெள்ளைதான்." "மேடம், கறுப்பு ஏன்னா..." மேடம் கையை உசத்தினாங்க.

"ஒண்ணு எடுங்க, பார்ப்போம்."

எடுத்தாங்க. வியாழன் இல்லையா, சின்னவ மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி வந்தா. ரெண்டு பேரும் பெட்டியையே பார்க்கறாங்க. மேடம் பெட்டியைப் பார்க்கலை. திரும்பிச் சின்னவளைப் பார்த்தாங்க. கிட்டே வந்து அவ கன்னத்தைப் பார்த்தாங்க. "இவங்களை யாரு இப்படித் தேய்ச்சது?"ன்னு கேட்டாங்க. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. "நான்தாங்க, தினமும்"னேன். மேடம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டாங்க. மனசு உருகிடுச்சு போல. அப்புறம் கண்ணைத் திறந்து குடைக்குக் கீழே என்னைப் பார்த்தாங்க. தலையிலேருந்து கால் வரைக்கும் பார்த்தாங்க. ரெண்டு மாசத்துல அந்த ரூம்ல என்னை ஒருத்தர் நின்னு பார்த்தது அன்னைக்குத்தான்.

"உங்க பேரென்னம்மா?"

"அஞ்சுகம்ங்க."

"நேத்து என்ன கலர் புடவை கட்டியிருந்தீங்க?"

"நேத்து புதனாச்சே. பச்சை."

"முந்தாநாள்?"

"செவ்வாய்ங்க. சிவப்பு. இன்னிக்கு குருவுக்கு மஞ்சள். நாளைக்கு லீவு. சனிக்கிழமை..."

"கறுப்பு?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் பொத்துனு ஒரு மரப்பெட்டி மேலே உட்கார்ந்தாங்க. சிரிக்கிறாங்க, சிரிக்கிறாங்க, கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிக்கிறாங்க. சேவியர் தம்பி நெத்தியில பட்டுனு ஒரு அடி அடிச்சுக்கிட்டு, "எத்தனை கல்யாணம் எடுத்திருக்கேன், எத்தனை கல்யாணம் எடுத்திருக்கேன்"னு புலம்பிச்சு. புகழேந்தி சார் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. புதுசா வெள்ளை அடிச்ச சுவரு, சட்டையெல்லாம் ஒட்டிக்கிச்சு.

"அம்மா, பெட்டி மேலே தப்பே இல்லை. உங்க புடவைதான். புடவையோட கலருதான் அம்மன் மேலே போய் விழுது"ன்னாங்க மேடம்.

"அதைத்தானே மேடம் நானும் சொல்றேன், இவங்க கேட்கலையே! கிழமைக் கலரு கட்டினா அந்தக் கிரகம் கூடவே வந்துடும். நான் குடை பிடிக்கிறப்போ அது நேரா சின்னவ மேலே இறங்குது."

மேடத்துக்கு மறுபடி சிரிப்பு. அவ்வளவு படிச்சவங்க, நான் சொன்னதை ஒத்துக்கிட்டாங்க பாரு. பெரிய மனசு வேணும் அதுக்கு. அப்புறம் தன் பையைத் திறந்து, படம் பிடிக்கிறப்போ அவங்க போட்டுக்கிற இந்தக் கோட்டை எடுத்து எனக்குப் போட்டுவிட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டாங்க. கலரைப் பாரேன். சாம்பல். ஒன்பது கிரகத்துல எதுக்கும் இந்தக் கலர் கிடையாது. இது விபூதிக் கலர். சிவன் கலர். எந்தக் கிரகம் கிட்டே வரும்? பாய் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

"இப்போ எடுங்க."

எடுத்தாங்க. வியாழக்கிழமை கண்ணு! சின்னவ சனிக்கிழமை மாதிரி வந்தா. "இந்தப் படத்தை அந்தப் பெட்டியிலேயும் போடுங்க"ன்னாங்க மேடம். போட்டாங்க. அதுலேயும் அதே சின்னவ. ஒரு நோயும் வரலை, நொடியும் வரலை.

அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே. இனிமேதான் கூத்து. ரெண்டு பேருக்கும் வெட்கம் பிடுங்கித் தின்னுது இல்லையா. சேவியர் தம்பி, "சார், உங்க கறுப்பே இருக்கட்டும், ரிப்பேர் பார்க்க ஆளு இருக்கு"ங்குது. புகழேந்தி சார், "இல்லை சேவியர், உன் வெள்ளையே இருக்கட்டும், ஃபோட்டோவுக்கு உலகமே அதுதானே"ங்கிறாரு. "இல்லை சார், உங்களோடது." "சும்மா இரு சேவியர், உன்னோடதுதான்." மறுபடி சண்டை! முன்னே மாதிரியே, ஆனா தலைகீழா. நடுவுல ஐயா எழுந்து நின்னு தொண்டையைக் கனைச்சு, "ரெண்டையும் பரிசீலிப்போம்"னாரு.

வெளியே டிரைவர் ஹார்ன் அடிக்கறான். ஜன்னல் துணிக்குப் பின்னாடி லோடு ஆளு ரெண்டு பேரும் வைக்கோலைப் பரப்பற சத்தம் எனக்குக் கேட்குது. சரக் சரக்னு. பிள்ளையார் போன அன்னைக்குக் கேட்ட அதே சத்தம். இவங்க பரிசீலிச்சு முடிக்கறதுக்குள்ள சின்னவ திண்டிவனம் தாண்டிடுவா. நான் குடையைச் சுருட்டினேன். டக்குனு சத்தம். எல்லாரும் திரும்பினாங்க.

"நீங்க சொல்லுங்க அஞ்சுகம்மா, எது வாங்கலாம்?"னாங்க மேடம். விளையாட்டுக்குக் கேட்டாங்களோ நிஜமாக் கேட்டாங்களோ, எனக்குத் தெரியாது. நான் ஒரு நொடிகூட யோசிக்கலை.

"கறுப்பு"ன்னேன்.

"ஏன்?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜை வருதுங்களே. அந்த வெள்ளைப் பலகையில சந்தனம் எங்கே வைப்பீங்க? பூ எங்கே வைப்பீங்க? வழுக்கி விழும். கறுப்புக்குத்தான் தலை தட்டையா ஒரு பெட்டி இருக்கு. பொரி கடலை தட்டுகூட வைக்கலாம்."

அப்புறம் மேடம், "சரியான காரணம். எழுதுங்க சார்"னாங்க. ஐயா பேனாவை எடுத்தாரு கண்ணு! அவர் பேனாவுல மை இருக்குன்னே அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரியும். என்ன எழுதினாருன்னு கேட்டேன். "இடவசதியைக் கருத்தில் கொண்டு" கறுப்பு வாங்கலாம்னு எழுதினாராம். சேவியர் தம்பி தன் சொந்த வெள்ளையைத் தன் மேஜையிலேயே வெச்சுக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. அதனால அதுக்கும் மனக்குறை இல்லை. புகழேந்தி சார் மட்டும் எழுந்து போறப்போ, "மேலே ஓட்டை இருக்கு, பூவை உள்ளே போட்டுடாதீங்கம்மா"ன்னாரு. ஓட்டைன்னா சாம்பிராணி நல்லா உள்ளே போகும்னு நினைச்சுக்கிட்டேன்.

வண்டி வெறும் வைக்கோலோட திரும்பிப் போச்சு. டிரைவர்கிட்ட, "அங்கே ஒரு பிள்ளையார் இருப்பாருப்பா, தும்பிக்கை நுனி கொஞ்சம் உடைஞ்சிருக்கும். அஞ்சுகம் கேட்டதாச் சொல்லு"ன்னு சொல்லிவிட்டேன். அவன் சரின்னான். சொல்லியிருப்பானோ என்னவோ.

அன்னைலேருந்து எந்தக் கிழமை எடுத்தாலும் படம் நல்லா வருது. கோட்டு போட்டுக்கிட்டுத்தான் குடை பிடிக்கணும்னு எல்லாரும் கண்டிப்பா சொல்லிட்டாங்க. சேவியர் தம்பி காலையில நான் உள்ளே நுழைஞ்சதும், "கோட்டு, கோட்டு"ன்னு கத்தும். அவ்வளவு மரியாதை. இப்போ மன்னார்குடிக்கு எதுக்குப் போறேன் தெரியுமா? என் சம்பந்தியம்மா இருக்காளே, அவ பையன் ஏ.சி. ரூம்ல வேலை பார்க்கிறானாம், ஏ.சி. ரூம்ல வேலை பார்க்கிறானாம்னு மூணு வருஷமா என் காதுல ஓதறா. பார்க்கட்டும். கோட்டு போட்டவ யாருன்னு பார்க்கட்டும். வேர்க்குதுதான். அதுக்காகக் கழட்டினா மடிப்பு கலைஞ்சுடாது?

அட, ரயில் வருது. இரு, இரு, கேட்டைத் திறக்கறதுக்குள்ள இன்னொண்ணு காட்டணும். இந்தக் கோட்டுல பாக்கெட்டு இருக்கு பாரு. இதான் சின்னவ. அட்டைப் படம். ஓரமாப் பிடி.

மேடம் கிளம்பறப்போ எல்லாப் படத்தையும் வரிசையாப் பார்த்தாங்க. சனிக்கிழமைப் படத்தைத்தான் எடுப்பாங்கன்னு நான் பார்த்தேன். அதைத் தள்ளி வெச்சுட்டு அந்த முதல் செவ்வாய்க்கிழமைப் படத்தை எடுத்தாங்க. செக்கச்செவேல்னு வந்துச்சே, அதை. பெரிசாக்கிப் பார்த்தாங்க, இன்னும் பெரிசாக்கிப் பார்த்தாங்க. இந்தத் தடவை சிரிக்கலை. மெட்ராஸ் போனதும் அதை இந்த மாதிரி அட்டையாப் போட்டு எனக்குன்னு ஒண்ணு அனுப்பினாங்க. அன்னைக்குப் போறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இந்தப் படத்துல ரெண்டு பேர் இருக்காங்க அஞ்சுகம்மா. நல்லாப் பாருங்க"ன்னாங்க.

நானும் பார்த்தேன். எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஒருத்திதான். பாவம், கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கெட்டுப் போச்சு. நீ சொல்லு, உன் கண்ணு நல்ல கண்ணு. ஒருத்திதானே? இந்தக் கன்னத்துல மட்டும் சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு, நிமிர்ந்து நிக்கற மாதிரி. அதுக்கு மேலே வெள்ளையா, காளான் முளைச்ச மாதிரி என்னமோ. கேமரா அழுக்கா இருக்கும்.

என்ன கண்ணு, நீயும் அப்படியே பார்க்கறே? சிரிக்கிறியா, அழறியா? சொல்லிட்டாவது சிரியேன். சரி குடு, கேட்டு தூக்கிட்டான், வண்டி கிளம்புது, குலுக்கும்.

தினம் முந்தானையால துடைச்சுப் பார்க்கறேன், அந்தச் சிவப்பு மட்டும் போகவே மாட்டேங்குது. போகட்டும் விடு. சின்னவ கன்னத்துலேயே இருந்துட்டுப் போகட்டும்.